அக்கா கேட்காத ஊர்

“எந்த ஊருல செத்தாக?”

எங்கள் தாலுகா கச்சேரியில் இறப்பு நகல் கேட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கிற பெண்களிடம் அந்த அக்கா கேட்கிற முதல் கேள்வி அதுதான். துக்கம் விசாரிப்பதெல்லாம் பிறகு. அழுதுகொண்டு நிற்கிறவளைக்கூட அழுது முடிக்க விடமாட்டார்.

“பொறந்த ஊரு வேணாம். வாக்கப்பட்ட ஊரு வேணாம். உசுரு எங்கன போச்சோ அந்த ஊருப் புத்தகத்துலதான் எழுதியிருப்பாக. ஊரத் தப்பாச் சொன்னா, இல்லைன்னு எழுதிக் குடுத்துருவாக. அவுகளக் குத்தம் சொல்லக் கூடாது.”

பிறகு வருஷம் கேட்பார். வருஷம் தெரியாதவர்களிடம், மழை பெய்த வருஷமா பொய்த்த வருஷமா, முல்லையாற்றில் எந்தத் தடவை வெள்ளம் வந்தபோது என்று கேட்டுக் கேட்டு ஒரு வருஷத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். செத்தவரின் தகப்பன் பெயர் கேட்பார். ஸ்டாம்பு விற்பவரிடம் அழைத்துப்போய் மனுவில் ஒட்ட வேண்டிய வில்லையை வாங்கவைப்பார். மனு எழுதுகிறவரிடம் தானே நின்று சொல்லி எழுதவைப்பார். எல்லாம் முடிந்தபின் அந்தப் பெண்ணை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஓரமாக விலகிக்கொள்வார். பேச வேண்டியது அவள்தான். அதில் மட்டும் உதவி கிடையாது.

“நான் கேட்டா என் காரியம்னு ஆயிரும். ஒன் அப்பன நீதான் கேக்கணும்” என்பார்.

உத்தமபாளையம் தாலுகா கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தாவாக நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அக்காவுக்கு முப்பதுக்கு மேல் இருக்கும். ஊர் அனுமந்தன்பட்டி. நடந்தே வந்து நடந்தே போவார். ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கிராமத்துப் பதிவேடு பழைய கட்டில் இருக்கிறது, எது பைண்டுக்குப் போயிருக்கிறது, எந்தக் கிழமையில் தாசில்தார் கையெழுத்துக்கு உட்காருவார் என்பதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கச்சேரியில் அவரை நகலக்கா என்றுதான் சொன்னோம். தலைமைக் குமாஸ்தா மட்டும் “இந்தா, பொம்பளை” என்பார். அதற்கு அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். நாலாவது தடவைதான் அந்தப் பேர் தனக்கென்பது தெரிந்ததுபோலத் திரும்புவார்.

நகலை வாங்கியதும் மடிக்க மாட்டார். ஜன்னல் வழியாக என்னிடமே திருப்பி நீட்டுவார்.

“வாசிங்க தம்பி.”

வாசிக்க வேண்டும். நடுவில் எதையும் விடக்கூடாது. தலைப்பு, கிராமம், வரிசை எண், பேர், வயது, வியாதி, கடைசியில் ‘அசலுக்குச் சரியான நகல்’ என்பது, கீழே இருக்கிற கையெழுத்து வரை. வாசிக்கும்போது என் வாயைப் பார்க்கமாட்டார். காகிதத்தின் மேல் கண்ணை வைத்து, நான் எந்த வரியில் இருக்கிறேன் என்பதைத் தொடர்ந்து வருவார். ஒருமுறை காமயகவுண்டன்பட்டிக்காரி ஒருத்திக்காக வாங்கிய நகலை நான் வாசித்து முடித்தபிறகும் அவர் நகரவில்லை.

“கீழ வட்டமா ஒண்ணு இருக்குமே, அதக் காணோம்.”

முத்திரை வைக்க மறந்திருந்தோம். தலைமைக் குமாஸ்தா காகிதத்தைப் பிடுங்கி, அதன் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினார். “வாசிக்கத் தெரியாதவளுக்கு வாய் மட்டும் இருக்கு” என்றார்.

“வாசிக்கத் தெரிஞ்சவுக மறந்துட்டீகளே, அய்யா” என்றார் அக்கா. குரலில் கேலி இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டதுபோல இருந்தது.

அவருடைய சொந்தக் காரியம் வருஷத்துக்கு ஒருமுறைதான். பங்குனி மாதம் வருவார். அன்றைக்குக் கூட யாரும் இருக்கமாட்டார்கள்.

நான் சேர்ந்த வருஷம் அவர் கொண்டுவந்த மனு இன்னும் நினைவிருக்கிறது. புருஷன் பேர் என்ன என்று கேட்டேன். மனுவில் எழுதியிருந்தது, ஆனாலும் சரிபார்க்கக் கேட்பது வழக்கம். அவர் தெற்கே கையைக் காட்டினார். “மலையில அருவி விழுகுதுல்ல, அந்தப் பேரு.” சுருளி. எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒரு சுருளி உண்டு.

கல்யாணமான மறுவருஷம் ஏலத்தோட்டத்து வேலைக்கென்று மலையேறிப் போனவர். கூடப் போனவர்கள் மழைக்கு முன் இறங்கி வந்துவிட்டார்கள். அவர் மட்டும் வரவில்லை. இன்னும் உள்ளே வேறு தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த வருஷம் சொல்ல ஆள் இல்லை. பிள்ளை கிடையாது.

அனுமந்தன்பட்டி இறப்புப் பதிவேட்டில் அந்த வருஷத்துப் பக்கங்களை முழுக்கப் பார்த்தேன். அப்படி ஒரு பேர் இல்லை. மனுவின் பின்பக்கத்தில், ‘மேற்படி நபரின் இறப்பு இக்கிராமப் பதிவேட்டில் காணப்படவில்லை’ என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஜன்னலில் நீட்டினேன். தேடி வந்த பேர் இல்லை என்று எழுதிக் கொடுக்கும்போது ஆட்களின் முகம் விழுந்துபோகும். அது எனக்குப் பழகியிருந்தது. ஆகவே கொஞ்சம் தயக்கத்தோடுதான் நீட்டினேன்.

“வாசிங்க தம்பி.”

வாசித்தேன். ‘காணப்படவில்லை’ என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை அந்த ஜன்னலில் நான் பார்த்ததில்லை. காகிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, “வாரேன் தம்பி” என்று வேகமாக நடந்தார்.

மற்றவர்கள் எல்லோரும் ஒரு பேர் இருக்க வேண்டும் என்று வந்தார்கள். அவர் ஒருத்தர்தான் இருக்கக்கூடாது என்று வந்தார்.

அந்தக் காகிதத்தால் என்ன ஆகிறது என்பது அவர் வீட்டுக்குப் போனபோதுதான் புரிந்தது. கூட வேலைபார்த்த ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்கு அனுமந்தன்பட்டி போயிருந்தேன். தெருவில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போனார். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாதியில் கொழுந்தன் குடும்பம். மறுபாதியில் இவர். வாசல் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. உள்ளே ஒரு அடுப்பு, ஒரு பாய், கொடியில் ஒரு சேலை. பேசுவதற்கு ஆள் வந்து நாளாகியிருந்தது என்பதை அவர் எனக்கு மணை எடுத்துப்போடத் தடுமாறியதில் தெரிந்துகொண்டேன். மணை பரணில் இருந்தது. இறக்கித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

கொழுந்தனுக்கு மாடு செத்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, எல்லாம் அண்ணனுக்குக் காரியம் செய்யாமல் விட்டதனால்தான் என்று அவன் வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். ஊரைக் கூட்டிக் கருமாதி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அப்படிச் செய்தால் இவர் தாலியை இறக்க வேண்டும்.

“ஊருக் கூட்டத்துல கேட்டாக. ‘செத்தாருன்னு சர்க்காரு எழுதியிருக்கா’ன்னு நான் கேட்டேன். பெரியவுக யோசிச்சு, ‘அதுவும் சரிதான், கச்சேரியில பாத்துட்டு வா’ன்னாக. அப்ப ஆரம்பிச்சது தம்பி இது.”

ஒரு தகரப் பெட்டியை இழுத்து, அதிலிருந்த காகிதங்களை என் முன் வைத்தார். ஏழு காகிதங்கள். எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தா எழுதியவையும் நான் எழுதியவையும்.

“சத்தமா வாசிங்க. காது கேக்காதவுக இருக்காக.”

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். நான் முதல் காகிதத்தை உரக்க வாசித்தேன். உலக்கைச் சத்தம் நின்றது. இரண்டாவதை வாசித்தேன். மூன்றாவதை வாசிக்கும்போது உலக்கை மறுபடி விழத் தொடங்கியது, முன்னைவிட ஓங்கி. நானும் குரலை ஏற்றினேன். ஏழு காகிதத்திலும் ஒரே வாக்கியம்தான். வருஷம் மட்டும் மாறும். வாசித்து முடித்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். நல்ல பாட்டுக் கேட்டவர் மாதிரி இருந்தது.

விடைபெறும்போது, “எப்பப் பாத்தாலும் அடுத்தவுக பேரத் தேடி அலையுறீகளே, சலிக்கலையா அக்கா?” என்று கேட்டேன்.

“கச்சேரிக்கு வந்தா நாலு பேரு பேசுறாக. இங்கன யாரு இருக்கா?” என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்து அஞ்சாவது வருஷம் ஒரு மார்கழியில் கூடலூர்க்காரி ஒருத்தியை அழைத்து வந்தார். அவளுடைய அப்பா செத்துச் சில வருஷமாகியும் பட்டா மாறவில்லை. செத்த தேதிக்கு நகல் வேண்டும். அக்கா வழக்கம்போல எல்லாம் செய்து அவளை ஜன்னலில் நிறுத்திவிட்டு, தாழ்வாரத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

கூடலூர்ப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தேன். அவள் அப்பா செத்த வருஷத்து ஐப்பசியில் அங்கே காலரா. ஒரே நாளில் ஐந்தாறு பேர். கிராம முனிசீப்பின் கையெழுத்தே வரவரக் கோணலாகிக்கொண்டு போனது. கூடலூர்க்காரியின் அப்பா பேரைக் கண்டுபிடித்து, அந்த வரியில் அடிமட்டத்தை வைத்தேன். அதற்கு மேல் வரியில் சுருளி என்றிருந்தது. அது ஒன்றும் புதிதில்லை. கண் தானாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. தகப்பன் பேர். வயது சுமார் நாற்பது. தோட்டக் கூலி. சொந்த ஊர் அனுமந்தன்பட்டி.

பங்குனிக்குப் பங்குனி நான் எழுதி எழுதி மனப்பாடமான தகப்பன் பேர் அது.

எழுந்து வெளியே போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். அக்கா பக்கத்திலேயே நின்றார். “என்ன தம்பி, வேர்த்திருக்கு?” என்றார். அவரைப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன். நகலில் வருஷத்தைத் தப்பாக எழுதி, அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தேன். கூடலூர்க்காரியின் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்த அக்கா கேட்டார்:

“இது என்ன தம்பி, கோடு?”

“தப்பா எழுதிட்டேன் அக்கா.”

“நீங்க தப்பா எழுதி நான் பாத்ததில்லையே.”

காகிதத்தைக் கூடலூர்க்காரியிடம் கொடுத்து அவளோடு படியிறங்கினார்.

கச்சேரி விதி எனக்குத் துணைக்கு வந்தது. மனுவில் எந்தக் கிராமம் கேட்கிறார்களோ அதைத்தான் பார்க்க வேண்டும். கேட்காததைச் சொல்லக்கூடாது. அந்த விதியைச் சொல்லிச் சொல்லி மூன்று மாதம் தூங்கினேன். ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. ஊர் ஊராகப் பெண்களை அழைத்து வந்து, ‘உசுரு போன ஊரைச் சொல்லு’ என்று ஓதுகிறவர், தன் புருஷனுக்கு மட்டும் எதற்காக அனுமந்தன்பட்டியையே கேட்கிறார்? மலைக்குப் போன ஆள் அனுமந்தன்பட்டியில் எப்படிச் செத்திருப்பார்? செத்திருந்தால் ஊரே அறிந்திருக்காதா? இத்தனை வருஷமாக இது எனக்கும் தோன்றவில்லை, ஊர்க் கூட்டத்துப் பெரியவர்களுக்கும் தோன்றவில்லை.

பங்குனியில் வந்தார். அதே மனு. அதே கிராமம். பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன், வேண்டுமென்றே மெதுவாக. ‘இக்கிராமப் பதிவேட்டில் காணப்படவில்லை’ என்று எழுதினேன். நான் எழுதியது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. வெளியே நீட்டினேன். ‘வாசிங்க தம்பி’ என்று அவர் சொல்வதற்காகத் தொண்டையைச் செருமித் தயாராக நின்றேன்.

அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகும் பெண்களை அழைத்து வந்தார். அதே கேள்விகள், அதே கறார். ஆனால் என்னிடம் பேசுவது குறைந்துபோனது. நானும் ஜன்னலில் தலை குனிந்தே வேலை செய்தேன். ஒரு நாள் ஆளில்லாத மதியத்தில் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். எந்தக் காரியமும் இல்லை. கச்சேரி மூடுகிறவரை அப்படியே இருந்துவிட்டு எழுந்து போனார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மறுவருஷம் மாசியில் எனக்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றல் வந்தது. அவரிடம் சொன்னேன். “நல்லது தம்பி. பெரிய ஊரு” என்றார். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் ஜன்னலில் நின்றார். பங்குனி பிறக்க இன்னும் நாள் இருந்தது. மனுவை நீட்டினார். எல்லாம் எழுதியிருந்தது. வில்லை ஒட்டியிருந்தது. கிராமம் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“ஊருப் பேர எழுதலையே அக்கா.”

“நீங்க எழுதுங்க.”

“எந்த ஊருன்னு...”

“நீங்க பாத்த ஊரு.”

பேனாவை மைக்கூட்டில் திரும்பவும் தோய்த்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மலையவிட்டு எறங்குற ஆளு கூடலூருல கால் வைக்காம வர முடியுமா தம்பி? எனக்கு அது தெரியாதா? கேட்டா நீங்க பாத்துருவீகளேன்னுதான் இத்தன வருசம் கேக்கல.” கம்பியிலிருந்து கையை எடுத்தார். “இனிமே வாரவரு யாரோ. அவருகிட்டக் கேக்க எனக்கு மனசு வராது. நீங்க இருக்கையிலயே கேட்டுருதேன்.”

கூடலூர் என்று எழுதினேன். பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. கட்டு எந்த அலமாரியில், பக்கம் எது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நகலை எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவந்தேன். ஜன்னல் வழியாகக் கொடுக்காமல் வெளியே வந்து, தாழ்வாரத்தில் அவர் பக்கத்தில் நின்று வாசித்தேன். கிராமம். வரிசை எண். பேர். தகப்பன் பேர். வயது. தொழில். சொந்த ஊர். வியாதி, வாந்திபேதி. இடம், மந்தைச் சாவடி. தகவல் கொடுத்தவர், தலையாரி.

“சொந்த ஊர இன்னொருக்கா வாசிங்க.”

வாசித்தேன்.

“தலையாரிக்கு அது எப்பிடித் தெரியும்?”

“அவுகளே சொல்லியிருக்கணும் அக்கா. இல்லாட்டி எழுதியிருக்க மாட்டாக.”

“அப்ப வாயி பேசியிருக்காக. ஊருப் பேரச் சொல்லியிருக்காக.” அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். “வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்திருக்காக. இல்லையா தம்பி?”

பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. வீட்டுக்கு வந்தாரா, வேறெங்காவது போய்க்கொண்டிருந்தாரா, பிழைப்புத் தேடி இறங்கினாரா, எனக்கு எப்படித் தெரியும்?

“ஆமா அக்கா. வீட்டுக்குத்தான்” என்றேன்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. “அங்கனயிருந்து எங்க ஊரு எம்புட்டுத் தூரம்?” என்றார். பத்து மைலுக்குள் என்றேன். “ஒரு பொழுது நட” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் அக்கா. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு.”

“அந்த ஒரு வருசம் நான் பொட்டு வச்சுக்கிட்டேன்ல. இருக்கட்டும்.” காகிதத்தை மடித்தார். “இத எங்க கொழுந்தன்கிட்டக் குடுத்துருதேன். அவன் செய்ய வேண்டியதச் செய்யட்டும். ரெண்டு நாள் கழிச்சுக் குடுக்குதேன்.”

படியிறங்கியவர், வழக்கமான வழியில் நடக்காமல், பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரி பஸ்தான் ஓடியது. பின்னால் அடுப்பைக் கிண்டிக் கிண்டிக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் பஸ்ஸில் ஏறி நான் பார்த்ததில்லை. ஏறியபிறகு திரும்பிப் பார்க்கவுமில்லை. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. திண்டுக்கல்லிலிருந்து இரண்டொரு தடவை விசாரித்தேன். கச்சேரிப் பக்கம் வருவதில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

அவர் பஸ் ஏறிய அன்று சாயங்காலம் நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, என் அறைக்கு அடுத்த அறையில் குடியிருந்த பஸ் கண்டக்டர் வந்து உட்கார்ந்தார். அவரும் அக்காவை அறிந்தவர்தான்.

“உங்க நகலக்கா இன்னைக்கு நம்ம வண்டியில வந்தாக” என்றார். “அனுமந்தன்பட்டியில நிப்பாட்டி, ‘ஆத்தா, ஒங்க ஊரு வந்துருச்சு, எறங்குங்க’ன்னேன். எறங்கல. கூடலூருக்குச் சீட்டுக் கேட்டாக. ‘கூடலூருல ஒங்களுக்கு யாரு இருக்கா?’ன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாக?”

“‘எங்க வீட்டுக்காரக இருக்காக’ன்னாக.”